ஆண்டு மாறும் நொடி

உரைநடை உலகம்

நுழையும்முன்

பிறந்த நாள், பள்ளியில் சேர்ந்த நாள், வாக்குரிமை பெற்ற நாள், ஓய்வூதியம் தொடங்கிய நாள் என மனித வாழ்க்கை நாள்களால் கோக்கப்பட்டது. அந்நாள்களைப் பதிந்து காப்பதில் உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஏடுகளில் இருந்த பதிவுகள் இன்று கணினிகளில் இருக்கின்றன. கணினியின் நாள்காட்டி பிழைபட்டால் மக்களின் உரிமையும் பிழைபடும். அத்தகைய நெருக்கடியான நாள்களுக்குப் பழைய கணினிகளை ஆயத்தப்படுத்தும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பதிவேடும் உரிமையும்

சமவெளியின் நடுவே தனித்தெழுந்த பாறையும் அதன்மேல் அமைந்த கோட்டையும் திண்டுக்கல்லின் அடையாளங்கள். 1866ஆம் ஆண்டில் நகராட்சியாக உருப்பெற்ற இவ்வூர், 2014ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. நகரைச் சுற்றியுள்ள சமவெளியிலும் மலையடிவாரத்திலும் நகராட்சிகள், பேரூராட்சிகள், முந்நூற்றுக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் எனப் பல உள்ளாட்சி அமைப்புகள் இயங்குகின்றன.

இவற்றின் அன்றாடப் பணிகள் அனைத்திலும் நாள் என்னும் குறிப்பு உண்டு. திண்டுக்கல் போன்ற மாநகராட்சியில் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை தண்டப்படுகிறது. ஏப்ரல் முதல் நாளில் ஓர் அரையாண்டும் அக்டோபர் முதல் நாளில் மற்றோர் அரையாண்டும் தொடங்குகின்றன. அரையாண்டின் முதல் 30 நாள்களுக்குள் வரி செலுத்துவோருக்கு ஊக்கத்தொகை கிடைக்கிறது. காலம் தாழ்த்தினால் நிலுவை ஏறுகிறது. ஒருநாள் வேறுபாடு ஒரு குடும்பத்தின் கணக்கையே மாற்றிவிடும்.

பிறப்பு இறப்புப் பதிவில் நாளின் மதிப்பு இன்னும் மிகுதி. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இப்பதிவைக் கட்டாயமாக்கியது. 2023ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட இச்சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அந்நாள் முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் உரிய சான்றாகும். எனவே, பதிவேட்டில் உள்ள ஒரு நாள் வெறும் எண் அன்று. அது ஒருவரின் உரிமைக்குத் திறவுகோல். பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இவ்வுண்மையை விளக்க வேண்டியதில்லை. பல் ஒன்று தேய்ந்தாலும் திறவுகோல் பூட்டைத் திறவாது.

மீண்டும் வரும் ஆண்டுகள்

ஆண்டைச் சுருக்கி எழுதுவதால் எழும் மயக்கம் கணினியோடு பிறந்தது அன்று. தமிழ் ஆண்டுகளுக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் வழங்குகின்றன. அறுபதாம் ஆண்டு முடிந்ததும் மீண்டும் முதற்பெயர் வருகிறது. சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும்பஞ்சத்தை மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று நினைவில் வைத்தனர். அது 1876ஆம் ஆண்டில் தொடங்கிய தாது ஆண்டு. அதன்பின் 1936ஆம் ஆண்டிலும் 1996ஆம் ஆண்டிலும் தாது ஆண்டு வந்து சென்றது.

ஒரு நிலப்பத்திரத்தில் ‘தாது ஆண்டு ஆவணி மாதம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், நிலத்தை வாங்கியவர் பாட்டனா பேரனா என்று ஐயம் எழும். ஆதலால் பத்திரம் எழுதுவோர் தமிழ் ஆண்டின் பெயரோடு ஆங்கில ஆண்டையும் முழுமையாக எழுதினர். சுழன்று வரும் எண்ணுக்குத் துணையாகச் சுழலாத எண் ஒன்றையும் வைக்க வேண்டும் என்பது அவர்கள் பட்டறிவால் கண்ட முறை. இம்முறையைக் கணினி நிரல்களை எழுதியோர் ஒரு காலத்தில் கைவிட்டனர்.

இரண்டு இலக்கச் சிக்கனம்

கணினியின் தொடக்கக் காலத்தில் தரவுகள் துளையட்டைகளில் பதியப்பட்டன. ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்கே இடம் இருந்தது. நினைவகத்தின் விலையும் மிக அதிகம். எனவே 1965 என்பதை 65 என்று எழுதினர். முன்னுள்ள 19 என்னும் எண்ணைக் கணினி தானே சேர்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. அன்றைய நிலையில் இது அறிவார்ந்த சிக்கனமே. அந்நிரல்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும் என்று எவரும் எண்ணவில்லை.

1935ஆம் ஆண்டில் பிறந்த ஒருவரின் வயதை 1999ஆம் ஆண்டில் கணக்கிடும் கணினி, 99இலிருந்து 35ஐக் கழித்து 64 என்னும் சரியான விடையைத் தரும். மறு ஆண்டில் அதே கணினி 00இலிருந்து 35ஐக் கழிக்கும். விடை, குறை 35. பிறக்காத ஒருவருக்கு முதியோர் ஓய்வூதியம் தர அந்தக் கணினி மறுத்துவிடும்.

இது வெறும் கற்பனை அன்று. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 104 வயது மூதாட்டி ஒருவருக்கு மழலையர் வகுப்பில் சேருமாறு அழைப்பு வந்தது. அவர் பிறந்தது 1888ஆம் ஆண்டு. பதிவில் இருந்த 88 என்னும் எண்ணைக் கணினி 1988 என்று கொண்டு, அவரை நான்கு வயதுக் குழந்தையாக்கியது. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி, வரவிருந்த இடருக்கு முன்னறிவிப்பாயிற்று.

2000ஆம் ஆண்டு மற்றுமொரு சோதனையையும் கொண்டு வந்தது. நூற்றாண்டின் நிறைவாண்டுகள் நானூறால் வகுபட்டால் மட்டுமே நெட்டாண்டுகள் ஆகும். 1900 நெட்டாண்டு அன்று, 2000 நெட்டாண்டு. நூற்றாண்டின் நிறைவாண்டு நெட்டாண்டு ஆகாது என்பதை மட்டும் அறிந்து, நானூறால் வகுபடும் ஆண்டுக்குரிய விலக்கை அறியாத நிரலுக்கு அவ்வாண்டில் பிப்ரவரி 29 என்னும் நாளே இல்லை.

நிகழாத பேரழிவு

1998ஆம் ஆண்டு டிசம்பரில் பல நாடுகளின் ஒருங்கிணைப்பாளர்கள் ஐக்கிய நாடுகள் அவையில் கூடி இச்சிக்கலை ஆராய்ந்தனர். இந்தியாவில் திட்டக்குழு உறுப்பினர் மாண்டேக் சிங் அலுவாலியா தலைமையில் தேசியச் செயற்குழு அமைக்கப்பட்டது. வங்கி, மின்சாரம், தொலைத்தொடர்பு, தொடர்வண்டி, வானூர்தி ஆகிய துறைகளின் கணினிகள் ஆராயப்பட்டன. கோடிக்கணக்கான நிரல் வரிகளைப் படித்துத் திருத்தும் பணியில் இந்திய மென்பொருளாளர்கள் உலகெங்கும் ஈடுபட்டனர்.

2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அமைதியாக விடிந்தது. அஞ்சிய பேரழிவு நிகழவில்லை. ‘வீண் அச்சம், வீண் செலவு’ என்று பலர் கூறினர். ஆனால், திருத்தாமல் விடப்பட்ட கணினிகள் ஆங்காங்கே பிழை செய்தன. கரை உடையாத ஏரியைப் பார்த்து, கரையைப் பலப்படுத்தியது வீண் என்று கூறுவார் இலர். முன்தடுப்புப் பணியின் வெற்றி, அது கண்ணுக்குத் தெரியாமல் போவதிலேயே இருக்கிறது.

மற்றொன்றையும் நோக்க வேண்டும். அக்காலத்தில் தமிழ்நாட்டின் உள்ளாட்சி அலுவலகங்களில் பெரும்பாலான பதிவுகள் கையால் எழுதப்பட்ட பேரேடுகளில் இருந்தன. வரி செலுத்தியதற்கு அடிக்கட்டையுடன் கூடிய பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்தது. கணினி தடுமாறியிருந்தாலும் ஏடு கைகொடுத்திருக்கும். இன்று நிலை வேறு. சான்றிதழ்கள் இணையவழியில் பெறப்படுகின்றன. வரியும் இணையவழியில் செலுத்தப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பாய் இருந்த பேரேடு அடுத்த நெருக்கடியின்போது மேசைமேல் இராது.

ஒத்திவைக்கப்பட்ட பிழைகள்

1999ஆம் ஆண்டில் எல்லா நிரல்களும் முழுமையாகத் திருத்தப்படவில்லை. பலர் ‘சாளர முறை’ என்னும் எளிய வழியைக் கைக்கொண்டனர். 00 முதல் 19 வரையிலான எண்களை 2000த்தைச் சார்ந்தவையாகவும், 20 முதல் 99 வரையிலான எண்களை 1900த்தைச் சார்ந்தவையாகவும் கொள்ளுமாறு கணினிக்குக் கற்பிப்பது இம்முறை. விரைவும் மலிவும் இதன் நன்மைகள். ஆனால், இது பிழையை நீக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குத் தள்ளிவைத்தது. அவ்வாறு விடப்பட்ட சில நிரல்கள் 2020ஆம் ஆண்டு பிறந்ததும் தடுமாறின.

புவியிடங்காட்டிச் செயற்கைக்கோள்களின் காலக்கணக்கும் சுழற்சி உடையது. 1980ஆம் ஆண்டு ஜனவரி 6 முதல் அவை கிழமைகளை எண்ணி வருகின்றன. 1024 கிழமைகள் கடந்ததும் எண் மீண்டும் சுழியமாகிறது. 1999ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் 2019ஆம் ஆண்டு ஏப்ரலிலும் இது நிகழ்ந்தது. இரண்டாம் சுழற்சியின்போது நியூயார்க் மாநகர நிருவாகத்தின் கம்பியில்லா வலையமைப்பு செயலிழந்தது. நிகழ்வு நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்தும் கருவிகள் உரிய காலத்தில் புதுப்பிக்கப்படவில்லை.

அதே மாநகரில் 2020ஆம் ஆண்டின் முதல் நாளில் வாகன நிறுத்தக் கட்டணக் கருவிகள் கடன் அட்டைகளை ஏற்க மறுத்தன. மென்பொருளின் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கு அந்நாளையே இறுதி எல்லையாக வைத்திருந்ததே காரணம். பணியாளர்கள் தெருத்தெருவாகச் சென்று ஒவ்வொரு கருவியையும் திருத்த வேண்டியதாயிற்று. செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க மாநகரமும் ஒரு நாளைக் கவனிக்கத் தவறினால் தடுமாறும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

தெரியுமா?
2000ஆம் ஆண்டு பிறந்தபோது, நேரத்தைத் துல்லியமாகக் கணிக்கும் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையதளம் ஆண்டை 19100 என்று காட்டியது. 99ஐ அடுத்து வந்த 100 என்னும் எண்ணின் முன் 19ஐ நிரல் சேர்த்ததே இதற்குக் காரணம்.

2038: அடுத்த எல்லை

யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் காலத்தை நொடிகளால் எண்ணுகின்றன. உலகப் பொது நேரப்படி 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிறந்த நொடியே அவற்றின் சுழியம். அதன்பின் வரும் காலம் நேர்எண். முன்னுள்ள காலம் குறைஎண். கணினித் திரைகளில் நாள் பதியப்படாத இடத்தில் சிலவேளை 01.01.1970 என்று தோன்றுவது இதனாலேயே.

பழைய கணினிகள் இவ்வெண்ணை 32 பிட் அளவுள்ள இடத்தில் வைக்கின்றன. அவ்விடத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் 214,74,83,647. இந்திய நேரப்படி 2038ஆம் ஆண்டு ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அவ்வெண் நிறைவுறும். அடுத்த நொடியில் எண் குறியீடு மாறிக் குறைஎண்ணாகிவிடும். திருத்தப்படாத கணினி, தான் 1901ஆம் ஆண்டு டிசம்பரில் இருப்பதாகக் கருதும்.

1901ஆம் ஆண்டுக்கு முன்னும் 2038ஆம் ஆண்டுக்குப் பின்னும் இவ்வகைக் கணினிக்குக் காலமே இல்லை. திண்டுக்கல் நகராட்சி உருவான 1866ஆம் ஆண்டை இதனால் குறிக்கவும் இயலாது. இன்று அறுபது வயதைக் கடந்து முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் அனைவரும் 1970ஆம் ஆண்டுக்கு முன் பிறந்தவர்கள். அவர்களின் பிறந்த நாள்களை நொடிக்கணக்கில் வைக்கும் நிரல், அவற்றைக் குறைஎண்களாகவே வைக்கும். குறைஎண்ணைக் கையாளத் தெரியாத நிரல் அவர்களுள் ஒருவரையும் சரியாக அறியாது.

எல்லை நாள் வரும்வரை பிழை காத்திராது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 2018ஆம் ஆண்டில் இருபதாண்டுத் தவணையில் பெற்ற கடனின் இறுதி நாள் 2038இல் வருகிறது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 19க்குப் பின் பிறந்த குழந்தை பதினெட்டு வயதை நிறைவு செய்யும் நாள் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. எதிர்கால நாளைக் கணக்கிடும் பணிகளில் 2038ஆம் ஆண்டு முன்னரே வந்துவிட்டது.

இதற்குத் தீர்வு உண்டு. 64 பிட் இடத்தில் நொடிகளை எண்ணினால் ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலை இல்லை. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் கருவின் 5.6ஆம் பதிப்பு, 32 பிட் கணினிகளும் 2038ஐக் கடந்து செல்ல வழிசெய்தது. ஆயினும், புதிய கணினியில் பழைய நிரல் இயங்கலாம். புதிய நிரலுக்குள் பழைய தரவுத்தளம் இருக்கலாம். எந்த அலுவலகத்தில் எது பழையது என்பதை அங்குள்ளோர்தாம் கண்டறிய வேண்டும்.

ஆயத்தப்படுத்தும் முறை

உள்ளாட்சி அமைப்பு செய்ய வேண்டிய முதற்பணி கணக்கெடுப்பு. மேசைக்கணினிகளையும் சேவையகங்களையும் எண்ணினால் மட்டும் போதாது. தெருவிளக்குகளை மாலையில் ஏற்றிக் காலையில் அணைக்கும் நேரக்கருவி, குடிநீர் ஏற்றும் மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவி, வருகைப் பதிவுக் கருவி, கண்காணிப்புக் கேமராவின் பதிவுப்பெட்டி, வரி வசூலிக்கும் கையடக்கக் கருவி ஆகிய அனைத்துக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. ஒவ்வொன்றும் வாங்கிய ஆண்டு, மென்பொருளின் பதிப்பு, பராமரிப்பவர் ஆகியவை பட்டியலில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, வரிசைப்படுத்துதல். எல்லாவற்றையும் ஒரே காலத்தில் திருத்தப் பணமும் ஆளும் போதா. ‘இது நின்றால் யார் பாதிக்கப்படுவர்?’ என்னும் வினாவே இங்கு அளவுகோல். ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்கு வரும் குடிநீரும், பிறப்பு இறப்புப் பதிவும் முன்வரிசையில் நிற்கும். அறிவிப்புப் பலகையின் கடிகாரம் பொறுத்திருக்கலாம்.

மூன்றாவது, திருத்தம். நாளுக்கான இடத்தை விரிவாக்குதல், சாளர முறையால் தள்ளிவைத்தல், கருவியையே மாற்றுதல் என மூன்று வழிகள் உண்டு. தள்ளிவைக்கும் வழியைத் தேர்ந்தால், அடுத்த எல்லை எந்நாள் என்பதை எழுதிவைத்து, பொறுப்பேற்று வருவோரிடம் ஒப்படைக்க வேண்டும். அலுவலர்கள் மாற்றலாகிச் செல்வர். பிழை அங்கேயே இருக்கும்.

நான்காவது, ஒத்திகை. கணினி அமைப்பின் நகல் ஒன்றை உருவாக்கி, அதன் கடிகாரத்தை முன்னோக்கி நகர்த்திப் பார்க்க வேண்டும். எல்லை நாளின் முந்தைய நாள், அந்நாள், மறுநாள், அதை ஒட்டிய பிப்ரவரி 29, அரையாண்டின் முதல் நாள் ஆகியவற்றில் வயதும் வரியும் நிலுவையும் சரியாக வருகின்றனவா என்று சோதிக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள கணினியில் இதைச் செய்தல் கூடாது. வாராத நாளில் பற்றுச்சீட்டுகள் பதிவாகிவிடும். கடவுச்சொற்களும் மின்சான்றுகளும் காலாவதியாகிவிடும்.

ஐந்தாவது, இணைப்புகளைச் சோதித்தல். உள்ளாட்சியின் கணினி தனித்து இயங்குவதில்லை. வங்கி, கருவூலம், மாநில அரசின் சேவையகம் ஆகியவற்றோடு அது தரவுகளைப் பரிமாறுகிறது. ஒருவர் நான்கு இலக்கத்தில் அனுப்பும் ஆண்டை மற்றவர் இரண்டு இலக்கத்தில் பெற்றால் இருவர் உழைப்பும் வீணாகும்.

ஆறாவது, மாற்று ஏற்பாடு. தரவுகளின் காப்புநகல் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து தரவுகளை மீட்க முடியும் என்பதையும் செய்து பார்த்திருக்க வேண்டும். எல்லை நாளுக்கு முன் நிலுவைப் பட்டியலை அச்சிட்டு வைத்தல், கையால் எழுதும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை ஆயத்தமாக வைத்தல், தானியங்கிக் கருவி நின்றால் வால்வைக் கையால் திறக்கத் தெரிந்த மேல்நிலைத்தொட்டி இயக்குநரைப் பணியில் அமர்த்துதல் ஆகியன இதில் அடங்கும். கணினி அறியாத கைத்திறனும் நெருக்கடியில் நிருவாகத்தின் செல்வமே.

இனி வாங்கும் கருவிகளுக்கும் இக்கவனம் தேவை. இன்று பொருத்தும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி பதினைந்து ஆண்டுகள் உழைக்கக்கூடும். அது 2038ஐக் கடந்தும் சரியாக இயங்கும் என்னும் உறுதிமொழியை ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்டுப்பெற்றால் பின்னாளில் ஏற்படும் செலவு தவிர்க்கப்படும். சிற்றூராட்சிக்கும் இது இயலக்கூடியதே. அதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. உரிய வினாவை உரிய காலத்தில் கேட்டால் போதும்.

எதிர்காலத்தின் பொறுப்பு

புயலும் நிலநடுக்கமும் நாள் குறித்து வருவதில்லை. கணினியின் கால எல்லையோ நாளும் நாழிகையும் நொடியும் முன்னரே சொல்லி வருகிறது. அவ்வாறு வரும் இடரால் ஒரு முதியவரின் ஓய்வூதியம் நின்றாலோ ஒரு குழந்தையின் சான்றிதழ் பிழைபட்டாலோ, அதற்கு விதியைக் காரணம் காட்ட இயலாது.

இன்று பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மாணவர்கள் 2038ஆம் ஆண்டில் முப்பது வயதை ஒட்டியிருப்பர். அலுவலர்களாக, நிரலாளர்களாக, மன்ற உறுப்பினர்களாக, வரி செலுத்தும் குடிமக்களாக அவர்களே அக்காலை வேளையை எதிர்கொள்வர். பொங்கல் முடிந்த அந்தச் செவ்வாய்க்கிழமையில் பள்ளிக்குப் பிள்ளைகள் செல்வதும், குழாயில் நீர் வருவதும், அலுவலகத்தில் சான்றிதழ் கிடைப்பதும் வழக்கம்போல் நடந்தால், அதற்கு முன் பல ஆண்டுகள் எவரோ பொறுப்புடன் உழைத்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் உள்ள பழைய பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, சான்றிதழ் ஆகியவற்றில் நாளும் ஆண்டும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பதைப் பட்டியலிடுக.
2. உங்கள் பள்ளியில் கடிகாரம் உள்ள கருவிகளைக் கணக்கெடுத்து, அவற்றுள் எவற்றை முதலில் சோதிக்க வேண்டும் என்பதைக் காரணத்துடன் கலந்துரையாடுக.
3. ‘நிகழாத இடருக்குச் செலவிடுவது வீணா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

கலைச்சொல் அறிவோம்

காப்புநகல் – மூலத்தரவு அழிந்தால் பயன்படுத்துவதற்காக வேறிடத்தில் வைக்கப்படும் படி
சாளர முறை – இரண்டு இலக்க ஆண்டை ஒரு வரம்பு எண்ணைக் கொண்டு நூற்றாண்டு பிரித்தறியும் வழி
சேவையகம் – பல கணினிகளுக்குத் தரவு வழங்கும் மையக் கணினி
நெட்டாண்டு – பிப்ரவரி மாதத்தில் 29 நாள்களைக் கொண்ட ஆண்டு

மதிப்பீடு

குறுவினா
1. ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதியதற்குரிய காரணங்கள் யாவை?
2. 1900 நெட்டாண்டு அன்று, 2000 நெட்டாண்டு. ஏன்?

சிறுவினா
1. தமிழ் ஆண்டுகளின் சுழற்சியையும் கணினியின் காலச்சுழற்சியையும் ஒப்பிடுக.
2. ‘எல்லை நாள் வரும்வரை பிழை காத்திராது’ – இக்கூற்றைச் சான்றுகளுடன் விளக்குக.

நெடுவினா
உங்கள் ஊரின் உள்ளாட்சி அமைப்பு 2038ஆம் ஆண்டை எதிர்கொள்ளச் செய்ய வேண்டிய பணிகளைத் தொகுத்து, ஊராட்சித் தலைவருக்கு அல்லது மாநகராட்சி ஆணையருக்கு விண்ணப்பமாக எழுதுக.